தண்ணீரில் தெரிந்த பட்டை

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கரைசலை எவ்வளவு ஊற்றுவது, எத்தனை டிகிரியில் வைப்பது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துச் செய்யத் தெரியாதவர்களை வேலைக்கு எடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. பொறாமை. துளித் துளியாக அளந்து ஊற்றும் பிப்பெட்டைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அது எனக்குக் கைவந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

உங்களில் ஒருவர் அலுவலகப் பிரிவுக்கு வந்தவராம். அவருக்கும் புரிய வேண்டும் என்பதால் நம் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் நம் நாலு அறை ஆய்வகத்தின் பிழைப்பு. இறாலின் செவுளிலிருந்து ஓர் அரிசி அளவு துண்டு எடுக்கிறோம். அதற்குள் கணக்கில்லாத செல்கள். ஒவ்வொரு செல்லிலும் இறாலின் டி.என்.ஏ. இருக்கும். வைரஸ் புகுந்திருந்தால் அதன் டி.என்.ஏ.வும் கூடவே இருக்கும். வைரஸுக்குச் சொந்தமாக அடுப்பு கிடையாது, பாத்திரம் கிடையாது. செல்லுக்குள் நுழைந்து அந்த வீட்டு அடுப்பிலேயே தனக்குச் சமைத்துக்கொள்ளும். தன்னைப் போலவே ஆயிரம் பிரதிகள் செய்துகொண்டு, கடைசியில் வீட்டை உடைத்துக்கொண்டு வெளியே போகும். நாம் செல்லைக் கரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதில் வைரஸுக்கே உரிய ஒரு சிறு பகுதி இருக்கிறதா என்று தேடுகிறோம். இருந்தால் பி.சி.ஆர். இயந்திரம் அதை ஒன்றை இரண்டாக்கும், இரண்டை நாலாக்கும். அப்படி முப்பது தடவைக்கு மேல். பிறகு ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, புற ஊதா விளக்கில் வைத்தால் பட்டையாக ஒளிரும். வைரஸ் இல்லையென்றால் அந்த இடம் இருட்டாக இருக்கும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. தொடக்கத்தில் இருந்த அந்த ஒற்றைப் பிரதி இறாலிலிருந்து வந்ததா, உங்கள் சட்டைக் கையிலிருந்து வந்ததா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எது கிடைத்தாலும் பெருக்கும். அதனால்தான் நம் நாலு அறைகளும் ஒருவழிப் பாதை. முதல் அறை சுத்த அறை. அங்கே பி.சி.ஆருக்கு வேண்டிய மருந்துக் கலவை மட்டும் தயாராகும். அடுத்தது மாதிரி அறை, அப்புறம் இயந்திர அறை, கடைசியில் ஜெல் அறை. ஜெல் அறையில் பெருக்கி முடித்த குழாயின் மூடியைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சாரல் தெறிக்கும். அந்தச் சாரலில் கோடிக்கணக்கான பிரதிகள். போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டில் ஒட்டும், தலைமுடியில் ஒட்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் வைரஸ் செத்துப்போகும், டி.என்.ஏ. போகாது. அதனால் ஜெல் அறைக்குள் கால் வைத்தவர் அன்றைக்கு முதல் அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. வீட்டுக்குப் போய்க் குளித்து, துணி மாற்றி, மறுநாள்தான் வரலாம்.

சுத்த அறைக் கதவில் இந்த விதி ஒரு அட்டையில் இருக்கிறதே, மங்கிப்போன நீல மசியில், அது என் கையெழுத்து. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அப்போது ஆய்வகத்தின் பொறுப்பில் ஒரு மேடம் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஜெல் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நான் சேர்ந்த புதிதில், மாதிரியின் பட்டையை ஆவலாகத் தேடியபோது என் கையைத் தட்டிவிட்டார். "முதல்ல தண்ணியைப் பாரு. தண்ணி சரியா இருந்தா மத்ததைப் பாரு" என்றார். இறால் மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்றை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுகிறோம் அல்லவா, அதைச் சொன்னார். தண்ணீரில் வைரஸ் இருக்க வழியில்லை. அங்கே பட்டை தெரிந்தால் குற்றம் இறாலில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. பல வருஷங்களாக மேடம் கலவை தயாரிக்க என் ஒருத்தியைத்தான் நம்பினார். சுத்த அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

பவானி வந்தாள். லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண். அவள் அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். "எங்க நைனா", "எங்க நைனா" என்று வாய்க்கு வாய் சொல்வாள். சென்னையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, வேறு எங்கும் போகாமல் நேராக எங்களிடம் வந்து சேர்ந்தாள். முதல் வாரமே ஒரு நாள் நான் இடுக்கியை வைத்து இறாலின் ஓட்டை நெம்பிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் நின்று, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிச் செவுளை அலுங்காமல் எடுத்துத் தட்டில் வைத்தாள். சின்ன வயதிலிருந்து இறால் தரம் பிரித்த கை. ஓட்டைத் தொட்டே இது நேற்றுதான் ஓடு மாற்றியது என்பாள். வயிற்றுக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரெண்டு நாளா சோறு எறங்கலக்கா" என்பாள். அதே விஷயத்தை நான் புத்தகத்தில் மூன்று பக்கம் படித்துக் கற்றிருந்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. திருப்பாலைவனத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, அத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். மீன்பிடிப்பவர்கள் வாசலில் வந்து நின்று, "பவானி பொண்ணு இருக்குதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றால், "சரி, அப்பாலிக்கா வர்றோம்" என்று போய்விட்டார்கள். நான் அங்கே நிற்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மேடம் அவள் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்தார். எனக்குத் தெரிந்து மேடம் எதற்கும் சிரித்ததில்லை. ஒரு நாள் அவள் அம்மா எனக்கென்று வாளைக் கருவாடு கொடுத்தனுப்பினார். உப்பு தூக்கலாக இருக்கிறது என்று பவானியிடம் குறை சொன்னேன். வீட்டில் ஒருவருக்கும் தராமல் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது ஒரு திங்கட்கிழமை நடந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டு, "இனிமே கலவையை பவானி பாத்துக்கட்டும். ஜெல் படிக்க உங்க கண்ணுதான் வேணும்" என்று சொல்லி, சாவியை வாங்கி அவளிடம் கொடுத்தார். அது பதவி இறக்கம் இல்லை. ஜெல் படிப்பது மூத்தவர்களுக்கான வேலை. அந்த அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவர் சொன்னால்தான் ஒரு குளம் பிழைக்கும் அல்லது சாகும். அன்றைக்கு எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. முன்வாசல் அறையிலிருந்து கொல்லைப்புற அறைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று மட்டும்தான் தோன்றியது.

மறுநாளே போக ஆரம்பித்தேன். பதினோரு மணி வாக்கில் ஜெல் வேலை கொஞ்சம் ஓயும். கையுறை தீர்ந்துவிட்டது, பேனா வேண்டும், ஏதோ ஒரு சாக்கு. முதல் சில நாள் சுத்த அறைக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். பிறகு ஒரு கால் உள்ளே. பிறகு இரண்டு காலும். ஜெல் அறைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. விதியை எழுதியவள் நான், எனக்கா தெரியாது, ஒரு நிமிஷம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழாய்களில் பெயர் சரியாக எழுதியிருக்கிறாளா, பெட்டிகளை மூடி வைத்திருக்கிறாளா, மேசையைத் துடைத்தாளா என்று பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரே ஒரு தப்பு கிடைத்திருந்தால் ஒருவேளை அன்றோடு நின்றிருப்பேன்.

அவள், "இன்னாக்கா, கையுறை வேணுமா?" என்று கேட்டு எடுத்துக் கொடுப்பாள். ஒரு தரம்கூட, ஏன் உள்ளே வந்தீர்கள் என்று கேட்டதில்லை.

மூன்று வாரம் இப்படிப் போனது. கோவிந்தம்மா சோதனைக்கு இறால் கொண்டுவந்தது அப்போதுதான். பவானிக்குச் சின்னம்மா முறை. லைட்ஹவுஸ் குப்பத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து, ஏரிக்கரையில் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து வனாமி இறால் விட்டிருந்தார்கள். அதற்குத் தலைவி மாதிரி இந்த அம்மாள். "பத்துப் பொம்பளைங்க சேந்து குளத்துல இன்னா புடிக்கப் போறாங்க" என்று ஊர் ஆண்கள் சிரித்தார்களாம். அறுவடைக்கு இன்னும் சில வாரங்கள்தான்.

"ரெண்டு நாளா தீனி மீந்து போவுதும்மா. தட்டுல அப்டியே கெடக்குது" என்றார் கோவிந்தம்மா. "எங்க ஊட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போறாங்க, ஏரிக்குப் போறாங்க. இது ஒண்ணுதான் நாங்களா பண்றது. ஆனா நோவு இருக்குதுன்னா சொல்லிடு பவானி. பிளீச்சிங் பவுடர் மூட்டைய கரையில எறக்கி வெச்சிட்டோம். நாங்களே கொட்டிடறோம். குளத்துத் தண்ணிய ஏரில உட மாட்டோம். அங்க எங்க ஆளுங்கதான் வல போடறாங்க."

நோய் உறுதியானால் அதுதான் செய்ய வேண்டியது. பவுடரைக் கொட்டினால் வைரஸும் சாகும், குளத்தில் ஓர் இறால்கூட மிஞ்சாது. கொட்டாமல் விட்டு, அந்தத் தண்ணீர் ஏரிக்குப் போனால் ஏரி இறாலுக்கும் நண்டுக்கும் தொற்றும். அந்த வாரம் புயல் எச்சரிக்கை வேறு. மறுநாள் மாலைக்குள் பெருமழை என்றும், கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறும் என்றும் சொல்லியிருந்தார்கள். குளத்துக் கரை தாழ்வு. ஏரி ஏறினால் இரண்டு தண்ணீரும் ஒன்றாகிவிடும். ஆக, மறுநாள் பொழுது சாய்வதற்குள் எங்கள் பதில் வேண்டும்.

மாதிரியை வாங்க பவானி வராந்தாவுக்குப் போன நேரத்தில் நான் சுத்த அறைக்குள் இருந்தேன். சாவி கைமாறிய பிறகு முதல் தடவையாக அறையில் நான் தனியாக. மேசை மேல் பிப்பெட் டிப் பெட்டி இருந்தது. பிப்பெட்டின் நுனியில் மாட்டுகிற சின்னப் பிளாஸ்டிக் குழல்கள்தான் டிப். மூடியைத் திறந்து வரிசையாக எடுத்திருக்கிறாளா என்று குனிந்து பார்த்தேன். கோட்டுக் கை பெட்டி மேல் உரசியது. வரிசையாகத்தான் எடுத்திருந்தாள். மூடிவிட்டு நிமிர்ந்தால் அவள் வாசலில் நிற்கிறாள். நான் கையுறை டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெல்லை விளக்கில் வைத்தேன். பழக்கத்தில் கண் முதலில் தண்ணீருக்குப் போனது. அங்கே பட்டை. மெல்லியதுதான், ஆனால் பட்டை. குளத்து இறால் இருந்த இடத்திலும் அதே மாதிரி மெல்லிய பட்டை.

உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. அந்த நிமிஷம் எனக்குக் குளம் நினைவுக்கு வரவில்லை, கோவிந்தம்மா நினைவுக்கு வரவில்லை. சந்தோஷம் வந்தது. மாட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். ஜெல்லைத் தட்டில் வைத்து, சிந்தாமல் கொள்ளாமல், கல்யாண வீட்டில் சீர் கொண்டுபோகிறவளைப் போல மேடம் அறைக்குக் கொண்டுபோனேன்.

"கலவையில கலப்படம் மேடம். தண்ணியில பட்டை வந்திருக்கு" என்றேன். கலவை என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

மேடம் பவானியைக் கூப்பிட்டார். அவள் ஜெல்லைப் பார்த்தாள்.

"சுத்த அறையில யார் யார் இருந்தீங்க?" என்று கேட்டார் மேடம்.

பவானி என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு மேடம் பக்கம் திரும்பி, "நான்தான் மேடம் கலவை போட்டேன்" என்றாள்.

அது கேள்விக்குப் பதில் இல்லை. மேடம் அதைக் கவனிக்கவில்லை, கோபத்தில் இருந்தார். நான் கவனித்தேன். அப்போதுதான் பெட்டி மேல் உரசிய கோட்டுக் கை கண்ணுக்குள் வந்தது. அந்தக் கோட்டை அன்றைக்குக் காலைதான் முதன்முதலில் நினைத்துப் பார்த்தேன். மூன்று வாரமாகப் பெருக்கிய குழாய்களைத் திறந்த கோட்டு.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "பாதித் துண்டை ஸ்பிரிட்ல போட்டு வெச்சிருக்கோம் இல்ல, அதுலேர்ந்து மறுபடி பண்ணுங்க. கலவை, தண்ணி எல்லாம் புதுசாப் பிரிங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்கு ஜெல் வேணும். மறுபடியும் இப்படியே வந்தா இன்னொரு தரம் பாக்க நேரம் இல்லை. நோய் இருக்கறதா வெச்சுக்கிட்டு பவுடர் போடச் சொல்லிடுவேன். ஏரியை வெச்சு விளையாட முடியாது."

அவர் சொன்னது சரி. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"டிப்பையும் மாத்திடலாம் மேடம்" என்றேன்.

"அது புதுப் பொட்டிக்கா, நேத்துதான் பிரிச்சேன்" என்றாள் பவானி. "வேற சுத்தம் பண்ண பொட்டி இல்ல. மாதிரி அறைலேர்ந்து இங்க எடுத்தாரக் கூடாது. பாக்கெட்ல இருக்கறத ஆட்டோகிளேவ்ல ஆவி காட்டி, காய வெச்சு எடுக்க ரெண்டு மணி நேரம் ஆவும்."

"ரெண்டு மணி நேரத்தை எதுக்கு விடணும்? அதையே வெச்சுப் பண்ணு" என்றார் மேடம்.

பவானி திரும்பி நடந்தாள். ஒன்றும் சொல்லாமல் நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதே பெட்டி, அதே பட்டை, சாயங்காலம் பவுடர். நல்ல இறாலாகவே இருந்தாலும் சாகும். பவானி தன் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. சாவி என் இடுப்புக்குத் திரும்பும். இவ்வளவையும் நான் அந்தச் சில நொடிகளில் நினைத்தேன், சாவி உட்பட. அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

"அந்தப் பெட்டி வேணாம் மேடம்" என்றேன். "நேத்து நான் உள்ள போனேன். ஜெல் ரூம் கோட்டோட. அந்தப் பெட்டியைத் திறந்தது நான்தான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு உள்ள போனீங்க?"

கையுறைக்கு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். கையுறை டப்பா நிஜமாகவே என் மேசையில் இருந்தது.

"பவானி எங்கயாவது தப்பு பண்றாளான்னு பாக்கப் போனேன். மூணு வாரமாப் போறேன்."

"கண்டுபிடிச்சீங்களா?"

"இல்ல மேடம்."

மேடம் பவானி பக்கம் திரும்பினார். "பவானி, ஆட்டோகிளேவைப் போடு. சுத்த அறையை பிளீச் போட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் துடை. ஜெல்லை நானே ஓட்டிக்கறேன்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீங்க வராந்தாவுல உக்காருங்க. இன்னிக்கு எந்த ரூமுக்குள்ளயும் வர வேணாம்" என்றார்.

அத்தனை வருஷ வேலையில் நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சோதனைக்கு இறால் கொடுக்க வருபவர்கள் உட்காரும் இடம் அது. கோவிந்தம்மா ஏற்கனவே அங்கே இருந்தார். மற்ற ஒன்பது பெண்களும் குளத்துக் கரையில் காத்திருந்தார்கள். அரை மணிக்கு ஒரு தரம் அவர் போன் அடிக்கும். "இன்னும் சொல்லலடி" என்று வைத்துவிடுவார். வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. தூக்குப் போணியில் இருந்த இட்லியை எனக்கும் இரண்டு எடுத்து மூடியில் வைத்துக் கொடுத்தார்.

"எங்க பவானி கை பட்டா தப்பு வராதும்மா" என்றார். "நீங்கதானே அதுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க? ஊட்டுக்கு வந்தா அக்கா அப்டி ஜெல் பாப்பாங்க, அக்கா இப்டி எழுதுவாங்கன்னு உங்க பேச்சுதான்."

"இல்லம்மா, அவ வரும்போதே எல்லாம் தெரிஞ்சுதான் வந்தா" என்றேன். அந்தத் தருணத்திலாவது நடந்ததை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை உண்மை பேச எனக்குத் தெம்பில்லை. அவர் குளத்துக்காகப் பயந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவருடைய இட்லியை நான் தின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

மூன்று மணிக்கே காற்று மாறியது. வராந்தாவில் தூற்றல் அடித்தது. மின்சாரம் போய்விடுமோ என்று ஒவ்வொரு தடவை விளக்கு மினுக்கும்போதும் எழுந்து நின்றேன். இயந்திரம் பாதியில் நின்றால் எல்லாம் போச்சு. உள்ளே போய் ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்க்கக் கால் துடித்தது. வராதே என்று சொல்லிவிட்டார்களே. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாத வேலை. அன்று அதைச் செய்தேன்.

ஐந்து மணிக்கு இன்னும் சில நிமிஷங்கள் இருக்கும்போது பவானி வெளியே வந்தாள்.

"சின்னம்மா, ஒண்ணும் இல்ல. தண்ணியும் சுத்தம், எறாலும் சுத்தம். மேகமூட்டத்துக்குத்தான் தீனி எடுக்கல போல. தீனியக் கொறைங்க, காத்து மிஷின நிறுத்தாதீங்க."

கோவிந்தம்மா அழவில்லை, கும்பிடவும் இல்லை. போனை எடுத்தார். "பவுடர் மூட்டையத் தூக்கி உள்ள வைங்கடி, நனையப் போவுது" என்றார். போணியைக் கழுவி எடுத்துக்கொண்டு, மழைக்கு முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது பவானியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு நாளில் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பெஞ்சில் நாங்கள் இருவரும்தான். கேட்டே தீர வேண்டும் என்று இருந்தது.

"நான் உள்ள இருந்ததைப் பாத்தியே. மேடம் கேட்டப்போ ஏன் சொல்லல?"

"பொட்டியத் தொட்டீங்கன்னு தெரியாதுக்கா. உள்ள வந்தது தெரியும். சொன்னா நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். உங்க பேச்சு நிக்குமா, என் பேச்சு நிக்குமா? நான் வந்து நாலு மாசம்தான் ஆவுது."

எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அவள் கணக்கு சரி. காலையில் அவள் என் பெயரைச் சொல்லியிருந்தால், சத்தியமாக இல்லை என்று சொல்லியிருப்பேன். மேடமும் என்னைத்தான் நம்பியிருப்பார். அந்தப் பெண்ணுக்குத் தன் சின்னம்மாவின் குளம் போய்விடும் என்று தெரிந்தும், என்னை எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியும் என்று தோன்றவில்லை. என் கோட்டில் ஒட்டியிருந்த டி.என்.ஏ.வைவிட இதுதான் பெரிய கேடு. மேசையை பிளீச் போட்டுத் துடைத்தால் டி.என்.ஏ. போய்விடும்.

மறுநாள் மேடம் பிழைப் பதிவேட்டை என் மேசையில் வைத்தார். உங்களுக்குத் தெரியும், அதில் என்ன நடந்தது, காரணம், இனி என்ன செய்ய வேண்டும் என்று மூன்று கட்டம் இருக்கும். காரணம் என்ற கட்டத்தில் 'ஒருவழி விதி மீறப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது நடந்தது. காரணம் எங்க?" என்றார்.

அரை நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரசாங்கக் கடுதாசி மாதிரி இருக்கும் சொற்கள் எத்தனையோ தோன்றின. கடைசியில் முதலில் எழுதியதை அடித்துவிட்டு 'பொறாமை' என்று எழுதினேன். அந்தப் பதிவேட்டில் மின்வெட்டு உண்டு, உடைந்த குழாய் உண்டு, காலாவதியான மருந்து உண்டு. இந்தச் சொல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நீங்கள் வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள், இரண்டாவது அலமாரியில் இருக்கும்.

மூன்றாவது கட்டத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இனி பொறாமைப்பட மாட்டேன் என்று எழுதினால் அது பொய். பதிவேட்டில் பொய் எழுதக் கூடாது. வெறுமையாக விட்டு, சாட்சிக் கையெழுத்துக்காக பவானியிடம் நீட்டினேன். அவள் முழுவதையும் படித்தாள். நான் எழுதிய அந்தச் சொல்லின் மேல் அவள் கண் நின்றது தெரிந்தது. பிறகு காலியாக இருந்த கட்டத்தில் தானே எழுதினாள்:

'அக்கா உள்ளே வந்தால் வெளியே போகச் சொல்ல வேண்டும். நான் சொல்வேன்.'

கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி என்னிடம் தந்தாள். எழுத்து குண்டு குண்டாக, அச்சடித்த மாதிரி இருந்தது. என்னுடையதைவிட எவ்வளவோ அழகு. அதற்கும் வயிறு எரிந்துகொண்டுதான் என் பெயரை அதன் கீழே எழுதினேன்.